கேட் நம்பர் 1 கிடைச்சா குதிரை ஜெயிச்சிடுமா? ஸ்பிரிண்ட் ரேஸில் ‘டிரா’ செய்யும் வேலையும், பணம் கட்டுபவர்கள் கவனிக்காத கணக்கும்!

கிண்டி மடுவின்கரையில் இருந்து வேளச்சேரி பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு ‘ஃபைவ் ஃபர்லாங் ரோடு’ நன்றாகவே தெரியும். தி.நகர், சைதாப்பேட்டையில் இருந்து வேளச்சேரி மாலுக்குக் கிளம்பி, அந்த ரோட்டு டிராஃபிக்கில் மாட்டி நின்றவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள்.

ஃபர்லாங் என்பது பழைய தூர அளவு. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு. 5 ஃபர்லாங் என்றால் சுமார் 1,006 மீட்டர். குதிரைப் பந்தயத்தில் ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுகிய ஓட்டத்தின் அடிப்படைத் தூரமே இதுதான். பக்கத்திலேயே கிண்டி ரேஸ் கோர்ஸ்.

இந்த 5, 6 ஃபர்லாங் ஓட்டங்களில்தான் ஒரு சின்ன நம்பருக்குப் பெரிய மவுசு. குதிரையின் பெயரை விட, ஜாக்கியின் பெயரை விட, “கேட் நம்பர் என்ன?” என்று முதலில் கேட்பவர்கள் உண்டு. “இன்னிக்கு 1ஆம் கேட், கண்ணை மூடிட்டுப் போடுங்க” என்று டெலிகிராமில் டிப்ஸ் விற்பவர்களும் உண்டு. அந்த நம்பருக்கு உண்மையிலேயே அவ்வளவு சக்தி இருக்கிறதா? இருந்தால், அதை வைத்துப் பணம் பண்ண முடியுமா? இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். குழப்பமே இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது.

‘டிரா’ என்றால் என்ன?

ரேஸ் தொடங்கும் இடத்தில் இரும்பு கேட் ஒன்று நிறுத்தப்படும். வரிசையாக அறைகள், ஒவ்வொன்றும் ஒரு குதிரை நிற்கிற அகலம். மணி அடித்ததும் எல்லாக் கதவும் ஒரே நொடியில் திறக்கும். எந்தக் குதிரை எந்த அறையில் நிற்க வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். அதுதான் ‘டிரா’. உரிமையாளர் கோடீஸ்வரராக இருந்தாலும் கேட்டு வாங்க முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். குதிரையின் முதுகுத் துணியில் இருக்கும் நம்பர் வேறு, கேட் நம்பர் வேறு. ஹேண்டிகேப் ரேஸில் அதிக எடை சுமக்கும் குதிரைக்குத்தான் 1ஆம் நம்பர் துணி. அது 9ஆம் கேட்டில் நிற்கலாம். ஆங்கில நாளிதழ்களில் வரும் ரேஸ் பட்டியலில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கும். அதுதான் டிரா. அதற்குப் பிறகு ஜாக்கியின் பெயர், எடை. பட்டியலைப் புதிதாகப் படிப்பவர்கள் அந்த அடைப்புக்குறி எண்ணைக் குதிரையின் வயது என்று நினைத்துவிடுவது உண்டு.

இந்தியாவில் 1ஆம் கேட் என்பது உள்வேலியை ஒட்டிய அறை. எண் ஏற ஏற வெளிப்பக்கம் போகும்.

உள்ளே நின்றால் என்ன லாபம்?

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் 400 மீட்டர் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வெளி வரிசையில் ஓடுபவரை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். காரணம், வளைவில் வெளியே ஓடுபவருக்குத் தூரம் அதிகம். குதிரைப் பந்தயத்தில் அப்படித் தள்ளி நிறுத்துவதில்லை. எல்லோருக்கும் ஒரே கோடு. அதனால் வளைவில் வெளியே ஓடும் குதிரை, அந்தக் கூடுதல் தூரத்தைச் சொந்தக் காலால் ஓடித்தான் தீர்க்க வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? பத்தாம் வகுப்புக் கணக்குதான். 90 டிகிரி வளைவு ஒன்றில், உள்வேலியில் இருந்து ஒவ்வொரு மீட்டர் தள்ளி ஓடினாலும் சுமார் 1.57 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். பையின் பாதி, அவ்வளவுதான். ஒரு குதிரை வளைவு முழுக்க 3 மீட்டர் வெளியே ஓடினால் 4.7 மீட்டர் கூடும். குதிரையின் நீளம் சுமார் 2.4 மீட்டர். ஆக, இரண்டு குதிரை நீளம் காலி. வளைவு 180 டிகிரி என்றால் நான்கு குதிரை நீளம்.

ஸ்பிரிண்டில் குதிரைகள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அந்த வேகத்தில் 4.7 மீட்டரைக் கடக்க 0.3 நொடிகூட ஆகாது. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் 1,000 மீட்டர் ஓட்டமே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கழுத்து நீளத்தில், சில நேரம் மூக்கு நீளத்தில் ஜெயிக்கிற ஆட்டம் இது. 2,400 மீட்டர் ஓட்டம் என்றால் ஜாக்கிக்கு இரண்டரை நிமிடம் இருக்கிறது. மெதுவாக உள்ளே இழுத்து வரலாம், பின்னால் ஒளிந்திருக்கலாம், கடைசியில் பாயலாம். ஸ்பிரிண்டில் அந்த அவகாசம் கிடையாது. விட்டதைப் பிடிக்க ஆரம்பிப்பதற்குள் கோடு வந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் முக்கியம். கேட்டில் இருந்து முதல் வளைவுக்கு எவ்வளவு தூரம்? 400 மீட்டர் நேராக ஓடிய பிறகு வளைவு என்றால், 10ஆம் கேட் குதிரைக்குக்கூட உள்ளே வர நேரம் உண்டு. 100, 150 மீட்டரிலேயே வளைவு என்றால், பாவம், அது வெளியிலேயே சுற்ற வேண்டியதுதான். ஒரே மைதானத்தில் 1,100 மீட்டருக்கும் 1,400 மீட்டருக்கும் கேட் நிறுத்தும் இடம் மாறுவதால், டிராவின் மதிப்பும் மாறும். “இந்த மைதானத்துல உள் கேட்தான் பெஸ்ட்” என்று மொத்தமாகச் சொல்வது பாதி உண்மைதான்.

உலகத்தில் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தின் செஸ்டர். 1539 முதல் பந்தயம் நடக்கும் மைதானம். மொத்தச் சுற்றே ஒரு மைலுக்குக் கொஞ்சம்தான் அதிகம். கிட்டத்தட்ட எப்போதும் வளைவிலேயே ஓட வேண்டும். அங்கே 5 ஃபர்லாங் ரேஸில் வெளிக் கேட் கிடைத்தால் குதிரையை ஓட விடாமலேயே விலக்கிக்கொள்ளும் உரிமையாளர்கள் உண்டு.

அப்போ 1ஆம் கேட் எப்பவும் நல்லதா?

இல்லை. ஹாங்காங்கில் இரண்டு மைதானங்கள் இருக்கின்றன. ஹேப்பி வேலி சின்னது, இறுக்கமான வளைவு. அங்கே உள் கேட்டுக்குத்தான் மதிப்பு. சில கிலோமீட்டர் தள்ளி ஷா டின். அங்கே 1,000 மீட்டர் ஓட்டம் வளைவே இல்லாத நேர்ப்பாதை. வளைவு இல்லை என்றால் டிராவுக்கு வேலை இல்லை என்றுதானே தோன்றும்? அங்கே நடப்பது தலைகீழ். பார்வையாளர் பக்கத்து வேலியை ஒட்டிய பெரிய எண் கேட்டுகளுக்குத்தான் சாதகம் அதிகம். ஒரே ஊர், ஒரே கிளப், எதிரெதிர் கணக்கு.

அமெரிக்காவின் கென்டகி டெர்பி இன்னொரு பாடம். அது ஸ்பிரிண்ட் இல்லை, சுமார் 2,000 மீட்டர். ஆனால் 20 குதிரைகள் வரை ஓடும். அங்கே 1ஆம் கேட்டில் இருந்து கடைசியாக ஜெயித்தது 1986இல் ஓடிய ஃபெர்டினாண்ட். அதற்குப் பிறகு 2025 வரை யாரும் இல்லை. காரணம் நெரிசல். வெளியே நிற்கும் குதிரைகள் எல்லாம் உள்ளே பாயும்போது, வேலி ஓரம் நிற்கும் குதிரை நசுங்கும். கேட்டில் இருந்து அரை நொடி தாமதமாகப் புறப்பட்டாலே முன்னால் சுவர் மாதிரி நாலு குதிரை. உள்பாதையின் குறைந்த தூரம் கையில் இருந்தும் வழி கிடைக்காது. ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாள் கடை ஓரமாக நடந்து பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும்.

அதனால் குதிரையின் குணமும் சேர வேண்டும். கதவு திறந்ததும் பாயும் குதிரைக்கு 1ஆம் கேட் வரம். சோம்பலாகப் புறப்படும் குதிரைக்கு அதே கேட் பொறி.

மழை வேறு இருக்கிறது. உள்வேலி ஓரம்தான் எல்லாக் குதிரையும் ஓட விரும்பும் பாதை என்பதால் அந்தப் புல்தரைதான் முதலில் சேதமாகும். சென்னை ரேஸ் சீசன் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் குளிர்காலத்தில் நடப்பது. ஈரத்தில் உள்பாதை சேறானால், ஜாக்கிகள் வேண்டுமென்றே வெளியே இழுத்து ஓட்டுவார்கள். அன்றைக்கு 1ஆம் கேட்டின் லாபம் தரையோடு கரைந்துவிடும். சேதமான பகுதியைக் காப்பாற்ற, சில மீட்டர் தள்ளித் தற்காலிக வேலி போடுவதும் உண்டு. ரேஸ் பட்டியலின் தலைப்புக்குக் கீழே ‘ஃபால்ஸ் ரெயில்’ போட்டிருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி வரும். நாம் எல்லோரும் தாண்டிப் போகிற வரி அது. டிராவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அடைப்புக்குறி எண்ணுக்கு முன்னால் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

குலுக்கலில் வரும் நம்பர், ஆனால் ‘திறமை’ ஆட்டமா?

இந்த இடத்தில் கிண்டியின் கதை வருகிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. குதிரைப் பந்தயத்தால் குடும்பங்கள் நாசமாகின்றன என்று சொல்லி, 1974இல் திமுக ஆட்சி அதை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986இல் அதிமுக ஆட்சி கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996 ஜனவரி 12இல் டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, வெறும் அதிர்ஷ்டச் சூது அல்ல. 1986 சட்டமும் செல்லாது என்றானது. இன்றைக்கு ரம்மி வழக்காக இருந்தாலும் ஃபேன்டஸி கிரிக்கெட் வழக்காக இருந்தாலும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை.

குதிரையின் வேகம், பயிற்சி, ஜாக்கியின் திறமை இவைதான் ரேஸை முடிவு செய்கின்றன, பணம் கட்டுபவரும் அதை எல்லாம் ஆராய்ந்து கணிக்கலாம் என்பது அந்த வாதத்தின் சாரம். டிரா அந்த வாதத்துக்குள் வசதியாக உட்காராத ஒரு துண்டு. எந்தக் கேட் என்பது சுத்தமான குலுக்கல். அந்தக் கேட்டால் என்ன ஆகும் என்று கணிப்பது அறிவு. ஒரே எண்ணுக்குள் இரண்டும் இருக்கின்றன.

மைதானத்தின் கதி வேறு பாதையில் போனது. 160 ஏக்கருக்கு மேல் உள்ள அரசு நிலம், 1945இல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா வாடகை. வாடகை பாக்கி 730 கோடி ரூபாயைக் கட்டச் சொல்லி 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குத்தகையை ரத்து செய்த அரசு, 2024 செப்டம்பர் 9இல் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குச் சீல் வைத்தது. கிளப் மீண்டும் நீதிமன்றம் போனது. அதே ஆண்டு ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. கடல் கடந்து பார்த்தால், சிங்கப்பூர் கிராஞ்சி மைதானமும் 2024 அக்டோபர் 5இல் கடைசி ரேஸை நடத்தி மூடப்பட்டது.

ஆனால் இடம் சுருங்கியதால் பந்தயப் பணம் சுருங்கிவிடவில்லை. பெங்களூரு, ஹைதராபாத், மைசூரு, புனே என்று எங்கோ ஓடும் குதிரைகளுக்கு மொபைல் திரையைப் பார்த்தே பணம் கட்டுகிறார்கள். பார்த்தே இராத மைதானம், தெரியாத வளைவு. அப்படிப்பட்டவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எளிதாகக் கிடைப்பது கேட் நம்பர்தான்.

சரி, டிரா தெரிஞ்சா பணம் வருமா?

இங்கேதான் முக்கியமான விஷயம். டிராவுக்கு விளைவு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த எண் ரகசியம் இல்லை. பட்டியல் வெளியான நிமிடமே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு உதாரணம். இரண்டு குதிரைகள், திறமையில் சரிசமம். ஒன்றுக்கு 2ஆம் கேட், மற்றதுக்கு 12ஆம் கேட். இறுக்கமான வளைவு. 2ஆம் கேட் குதிரை ஜெயிக்க 30% வாய்ப்பு, 12ஆம் கேட் குதிரைக்கு 11% என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதல் குதிரை மேல் பணத்தைக் குவிப்பார்கள். டோட் முறையில், அதாவது எல்லோரும் போட்ட பணத்தை ஒன்றாகச் சேர்த்து, கிளப்பின் கழிவு போக ஜெயித்தவர்களுக்குப் பங்கு பிரிக்கும் முறையில், கூட்டம் சேரச் சேரப் பங்கு குறையும். 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 2ஆம் கேட் குதிரை 30 ரூபாய்தான் தரும். யாரும் சீண்டாத 12ஆம் கேட் குதிரை 80 ரூபாய் தரும்.

இப்போது சராசரியைப் பாருங்கள். 30 ரூபாயில் 30% என்றால் 9 ரூபாய். 80 ரூபாயில் 11% என்றால் 8 ரூபாய் 80 பைசா. போட்டது 10. இரண்டிலும் நஷ்டம், இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே நஷ்டம். நல்ல கேட் குதிரை அடிக்கடி ஜெயிக்கும், ஆனால் அதற்கான விலையை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். மயிலாப்பூரில் வீடு வாங்கினால் வசதிதான். அதற்காக மலிவாக வாங்கிவிட்டோம் என்று யாராவது சொல்வார்களா?

டிராவால் லாபம் பார்க்க வேண்டுமென்றால், கூட்டம் தப்பாகப் புரிந்துகொண்ட டிராவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஃபால்ஸ் ரெயில் போட்ட நாள், மழைக்குப் பிந்தைய நாள், எல்லோரும் உள் கேட்டையே நம்பி வெளிக் கேட்டை ஒதுக்கும் நேரம். அப்படிக் கண்டுபிடிப்பவர்கள் இருக்கலாம். அவர்கள் அதை 499 ரூபாய் சந்தாவுக்கு விற்க மாட்டார்கள். விற்றால் கூட்டம் சேர்ந்து பங்கு குறையும், அவர்களுக்கே நஷ்டம்.

வரியையும் சேர்த்தால் கதை இன்னும் கசக்கும். குதிரைப் பந்தயத்துக்கு 28% ஆக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. ஜெயித்த லாபத்துக்கு அல்ல, கட்டும் பந்தயத்தின் முழு மதிப்புக்கும். 100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி என்றால், கையை விட்டுப் போவது 140. மேலே பார்த்த உதாரணப்படி சராசரியாகத் திரும்பி வருவது 90. இந்த இடைவெளியை டிரா அறிவால் மட்டும் அடைக்க, ஊரே சேர்ந்து கணிப்பதை விட ஒன்றரை மடங்கு துல்லியம் வேண்டும். 10,000 ரூபாய்க்கு மேல் ஜெயித்தால் 30% டிடிஎஸ் பிடிப்பார்கள். “போன வாரம் 50,000 தோத்தேன் சார்” என்று அதைக் கழிக்கவும் வருமான வரிச் சட்டத்தில் வழி இல்லை.

‘ராசியான கேட்’ எங்கிருந்து வருகிறது?

டிப்ஸ் விற்பவர்கள் காட்டும் பட்டியல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: “கடந்த 20 ஸ்பிரிண்ட் ரேஸில் 4ஆம் கேட் நாலு முறை ஜெயிச்சிருக்கு!” பத்துக் குதிரை ஓடும் ரேஸில் ஒரு கேட்டுக்கு 20 ரேஸில் இரண்டு வெற்றிதான் நியாயமான பங்கு. நாலு என்றால் இரண்டு மடங்கு. பார்த்தவுடன் கை துறுதுறுக்கும்.

குதிரையே வேண்டாம், 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டு, இப்படி 20 முறை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு எண் நாலு முறையோ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு, சுமார் எட்டில் ஏழு. வெறும் குலுக்கலிலேயே எப்போதும் ஒரு ‘ராசியான எண்’ பிறந்துகொண்டே இருக்கும். இந்த மாதம் 4, அடுத்த மாதம் 7. டிப்ஸ்காரர் ஜெயித்த எண்ணை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவார்.

பட்டியலில் இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது, பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வது அல்ல. 1ஆம் கேட் எல்லா ரேஸிலும் உண்டு. 12ஆம் கேட் 12 குதிரை ஓடினால்தான் உண்டு. அந்தப் பெரிய கூட்டத்தில் எந்தக் குதிரைக்குமே வாய்ப்பு குறைவு. ஆறு குதிரை ரேஸையும் பன்னிரண்டு குதிரை ரேஸையும் சேர்த்து எண்ணினால், வளைவே இல்லாத பாதையில்கூட 1ஆம் கேட் சூப்பர் ஸ்டார் ஆகிவிடும். கேட்டை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே மைதானம், ஒரே தூரம், ஒரே எண்ணிக்கைக் குதிரை, ஒரே மாதிரித் தரை, அதுவும் நூற்றுக்கணக்கான ரேஸ் வேண்டும். அவ்வளவு ரேஸ் சேர்வதற்குள் வேலி இடம் மாறியிருக்கும், புல் மாற்றியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம். 1996 தீர்ப்பைக் காட்டி “இது லீகல் சார்” என்று சொல்லும் புக்கிகள் ஏராளம். அந்தப் பாதுகாப்பு, கிளப் வளாகத்தில் முறைப்படி கட்டும் பந்தயத்துக்குத்தான். டீக்கடை ஓரத்திலோ வாட்ஸ்அப்பிலோ பணம் வாங்கும் ஆளுக்கு அது பொருந்தாது. அங்கே ஜெயித்தாலும் பணம் வரவில்லை என்று யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

பந்தயத்தில் விட்டதைப் பிடிக்க மேலும் கடன் வாங்கும் நிலைக்கு வீட்டில் யாராவது போயிருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.